பேட்டரிக்காக ஒரு சுற்று

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாளே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கும்பலும் தாங்கள்தான் அதைக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ளும். பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். சிலர் அதை ஆபத்து வந்தால் மிதிப்பார்கள். அக்கா ஆபத்து வரும் என்று தோன்றினாலே மிதிப்பார். அக்காவுக்கு எப்போதும் தோன்றிக்கொண்டே இருக்கும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் காலுக்கு ஓய்வு கிடையாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் இருக்கையின் கம்பியை மிதிக்கும். டிவியில் ஒரு கார் இன்னொரு காரைத் துரத்தினால் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் விரிப்பை அழுத்தும். விரிப்பு அந்த ஓரத்தில் மட்டும் நூல் தெரியத் தேய்ந்திருந்தது.

"ஏம்மா, அவன் வில்லன். இடிச்சா இடிச்சுக்கட்டும், விட்டுடேன்" என்பார் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாந்தமான மனிதர். நாளெல்லாம் அடுத்தவர் மூக்கில் பிரேமை வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, "இறுக்குதா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டில் பேசும்போதும் தலை கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

அக்கா கற்றுக்கொடுக்கும் பாதை பல வருஷமாக ஒன்றேதான். டிரைவிங் பள்ளி வாசல், தண்ணீர்த் தொட்டி, விளையாட்டரங்கச் சுவர், மருந்துக்கடை முனை, மறுபடி பள்ளி வாசல். நடுவில் காலி மைதானத்தில் எட்டு போட வேண்டும். அந்தப் பாதையில் எந்தக் குழி எப்போது ஆழமாகும், எந்த வீட்டுப் பூனை எப்போது குறுக்கே ஓடும் என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஓட்டப் பழகிய ஒரு பெண் மருந்துக்கடை முனையில் வண்டியை மெதுவாக்கிவிட்டு, "இங்க திரும்பாம நேரா போனா என்னக்கா வரும்?" என்று கேட்டாள்.

"நேரா போறதெல்லாம் டெஸ்ட்ல வராது. இண்டிகேட்டர் போடு" என்றார் அக்கா.

பதில் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது அந்தக் கேள்வி அக்காவிடம் திரும்பி வந்தது. நேரே போனால் என்னதான் வரும்?

மகள் வேலைக்காக வேறு ஊர் போய்விட்டாள். போகும்போது தன் நீல நிற பைக்கை உறை போட்டு மூடி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனாள். போனில் பேசும்போதெல்லாம் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால் பைக் எப்படி இருக்கிறது என்று கேட்பாள்.

"ம்மா, வாரத்துக்கு ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போயிட்டு வா. இல்லன்னா பேட்டரி இறங்கிடும்."

"உன் அம்மாவுக்கு எப்ப இறங்கும்னு கேட்டியா நீ?"

"நீ இறங்கவே மாட்டே. போய் ஓட்டு."

கியர் பைக் ஓட்டி அக்காவுக்கு நெடுநாளாகிவிட்டது. ஆனால் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருப்பவர் தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் மாட்டி, பளபளக்கும் பட்டை வைத்த பள்ளியின் ஆரஞ்சு மேல்கோட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்காரர் அதற்கு முன்பே வெளியே போயிருந்தார். ஞாயிறு காலையில் கடையைச் சாத்தி வைத்துக்கொண்டு சரக்கு எண்ணுவது அவர் வழக்கம். அந்தக் கடையில் மொத்தமே ஒரு சுவர் நிறையப் பிரேம்தான். அதை வாராவாரம் எண்ணினால் எண்ணிக்கை மாறிவிடுமா என்று அக்கா கேட்டதில்லை. வீட்டில் ஓர் ஆள் குறைந்தால் காப்பியை நிம்மதியாகக் குடிக்கலாம்.

தெருவைச் சுற்றினார். தண்ணீர்த் தொட்டி வந்தது. விளையாட்டரங்கச் சுவர் வந்தது. மருந்துக்கடை முனையில் கை தானாக இண்டிகேட்டருக்குப் போனது. அங்கேயே நிறுத்திப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. பக்கத்து இருக்கையும் இல்லை. நேரே போனார்.

நேரே போனால் வந்தது சிமெண்ட் குழாய் அடுக்கி வைத்த ஒரு மைதானம். அவ்வளவுதானா என்று திரும்பப் பார்த்தவருக்கு, குழாய்களுக்குப் பின்னால் ஒரு வழி வளைந்து போவது தெரிந்தது. தார் பாதி, மண் பாதி. பலகை இல்லை, கோடு இல்லை, வேக அளவு இல்லை. அக்கா வாழ்க்கையில் இப்படியொரு ஒழுங்கீனமான ரோட்டைப் பார்த்ததில்லை. அதில் திரும்புவதற்கும் முறையாக இண்டிகேட்டர் போட்டார். வேலி மேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்கை அதைக் கவனித்தது.

அன்றைக்கு அவர் பார்த்தது: கோழிப்பண்ணைகளின் நீண்ட தகரக் கூரைகள், கேட் செய்யும் பட்டறை ஒன்று, அதன் முன்னால் வீடே இல்லாமல் வரிசையாக நின்ற கேட்டுகள், ரயில் தண்டவாளத்துக்குக் கீழே குனிந்து போக வேண்டிய ஒரு சுரங்க வழி, உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம். வழி தவறியது. திரும்பி வந்ததாக நினைத்த வழியும் தவறியது. அக்கா ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தார். பயம் என்று நினைத்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, பயத்தில் யாரும் பாட்டு முணுமுணுக்க மாட்டார்கள் என்று உறைத்தது.

மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது வீட்டுக்காரரும் அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்க போயிருந்தே?"

"பேட்டரிக்காக ஒரு சுத்து."

"ம்" என்றார். மேலே கேட்கவில்லை. நல்ல புருஷன் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

பேட்டரிக்கான சுற்று வாராவாரம் நீண்டது. அந்த பேட்டரி இருந்த தெம்புக்கு ஒரு சின்ன ஆலையையே ஓட்டியிருக்கலாம்.

ஒரு ஞாயிறு, செடி நாற்று விற்கும் தோட்டங்களைத் தாண்டி, ஏழெட்டு வீடுகள் சேர்ந்த ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே சின்ன ஓடையின் மேல் ஒரு பாலம். ஒரு பக்கச் சுவர் இடிந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா இறங்கி எட்டிப் பார்த்தார். வாளியோடு வந்த ஓர் அம்மாள் நின்றுவிட்டார்.

"யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்லைங்க."

"அப்ப என்ன விஷயமா வந்தீங்க?"

"சும்மா."

வாளியம்மாள் அக்காவை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். ஹெல்மெட், ஆரஞ்சு கோட்டு, பாலத்தை எட்டிப் பார்க்கும் பார்வை. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சும்மா வருகிறவர் யாராவது இப்படிக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார்களா?

அடுத்த வாரம் அக்கா அதே வழியில் போனபோது பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டமே காத்திருந்தது. வாளியம்மாள் முன்னால் நின்றார்.

"இவங்கதான். ரோடு ஆபீஸ் மேடம்."

"ஐயையோ, நான் ரோடு ஆபீஸ் இல்லைங்க. நான் டிரைவிங் ஸ்கூல்."

"வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவு போல" என்றார் பின்னாலிருந்து ஒருவர். கூட்டம் புரிந்துகொண்டு தலையாட்டியது. "பரவால்ல மேடம், நீங்க சொல்ல வேணாம். பாருங்க, போதும்."

அக்காவைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப் போய்ப் பாலத்தைக் காட்டினார்கள். பால் வண்டி எந்த இடத்தில் சரிந்தது, யார் வீட்டு மாப்பிள்ளை பைக்கோடு ஓடைக்குள் இறங்கினார், எல்லாம் காட்டினார்கள். மாப்பிள்ளையையும் காட்டினார்கள். அவர் முழங்கையைக் காட்டினார். எத்தனை தடவை மறுத்தாலும் நம்பாத கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் என்னதான் செய்வார்? அக்கா பாலத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். "இந்த வளைவுல எதிர்ல வர்ற வண்டி தெரியாது. ஹாரன் அடிக்கணும். ராத்திரின்னா லைட்டை டிம் அடிக்கணும்" என்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். எல்லாரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

கிளம்பும்போது வாளியம்மாள் சொன்னார்: "போன மாசம் உங்க ஆபீஸ்லேருந்து இன்னொருத்தர் வந்தாரு மேடம். கண்ணாடி போட்டவரு. சைக்கிள்ல. அவரும் கேட்டா சும்மான்னாரு."

"என்ன செஞ்சாரு?"

"பாலத்துல உக்காந்து பன் சாப்பிட்டாரு. அப்புறம் என் மாமியார் கண்ணாடி மூக்குல நிக்கலன்னு அதை வளைச்சுக் குடுத்துட்டுப் போனாரு. ரொம்ப நல்ல அதிகாரி."

கேட்ட மாத்திரத்தில் அக்காவுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. சொந்த வீட்டு ஆளை சைக்கிளில் வைத்து நினைத்துப் பார்க்க அவருக்கு வரவில்லை. தவிர, அன்றைக்கு அவருக்கு இருந்த கவலை வேறு: இல்லாத பதவியை ஒப்புக்கொண்டதற்காக யாராவது வந்து பிடித்துக்கொண்டு போவார்களோ என்று.

அதனால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று முடிவு செய்து, அதற்கடுத்த ஞாயிறு வாய்க்கால் கரை வழியாகப் போனார். கரை மேல் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் சரிவு. கொஞ்ச தூரத்தில் வாய்க்காலைக் கடக்க ஒரு நடைபாலம். ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டிக்கு இடமில்லை. அக்கா ஹாரன் அடித்துவிட்டு முறைப்படி ஏறினார். நடுவில் வரும்போது எதிர்க்கோடியில் ஒரு சைக்கிள் ஏறியது. தொப்பி வைத்த ஓர் ஆள். பேன்ட்டின் ஓரம் செயினில் மாட்டாமலிருக்க அதைத் துணி கிளிப் போட்டுக் கவ்வ வைத்திருந்தார்.

அக்கா ஹாரன் அடித்தார். அந்த ஆள் மணி அடித்தார். அக்கா இன்னொரு முறை அழுத்தி அடித்தார். அந்த ஆளும் விடவில்லை. என்ன திமிர், பாதி தூரம் வந்தவருக்குத்தானே வழி விட வேண்டும் என்று அக்கா ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். அந்த ஆள் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்.

"என்னங்க?"

"ஏம்மா?"

துணி கிளிப் தங்கள் வீட்டுக் கொடியிலிருந்து காணாமல் போன பச்சை கிளிப் என்பதையும் அக்கா கவனித்தார்.

"சரக்கெல்லாம் எண்ணியாச்சா?" என்றார் அக்கா.

"எண்ணியாச்சு. பேட்டரி ஏறிடுச்சா?" என்றார் அவர்.

கையும் களவுமாகப் பிடிபட்ட இருவர் ஒருவரையொருவர் எப்படித் திட்டுவது? திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சுதாரித்தவர் அக்காதான்; தொழில் கைகொடுத்தது.

"சரி, நீங்க பின்னால போங்க. நான்தான் முதல்ல ஏறினேன்."

"சைக்கிளுக்கு ரிவர்ஸ் கிடையாதும்மா."

"இறங்கித் தள்ளுங்க. பின்னால பார்த்துத் தள்ளுங்க. ஹேண்டிலை நேரா வைங்க. நேரான்னு சொன்னேன்! சைக்கிள் எப்பலேருந்து ஓட்டறீங்க?"

"நீ வலது இடதுன்னு கத்தாத வரைக்கும் நல்லாத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன்."

கடைசியில் அவர் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். அக்கா முதல் கியரில் அவரைத் தொடர்ந்து உருட்டிக்கொண்டு வந்தார். கரையேறியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரிக்க ஆரம்பித்தார். வண்டிகளைச் சாய்த்து வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார்கள். அவர் பையிலிருந்து பன் பாக்கெட்டை எடுத்தார்.

"ஓ! ரொம்ப நல்ல அதிகாரி நீங்கதானா?" என்றார் அக்கா. இப்போதுதான் உறைத்தது. அவர் முழிப்பதைப் பார்த்துப் பாலத்துக் கதையை முழுக்கச் சொன்னார். சைக்கிள் ஒரு வாடிக்கையாளர் ஊரை விட்டுப் போகும்போது கடையில் விட்டுப் போனதாம். கடைக்குப் பின்னால் நிற்கிறதாம். ஞாயிறு தவறாமல் எடுக்கிறாராம்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

அவர் பன்னைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார். "சொன்னா நீ ஹெல்மெட் போடு, ஓரமாப் போ, கையைக் காட்டுன்னு சொல்வே."

அது உண்மை. அதனால்தான் அக்காவுக்குச் சுருக்கென்றது.

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்களும் வர்றேம்பீங்க."

அதுவும் உண்மை. அவர் அக்கரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாள் பூரா ஒவ்வொருத்தர் கண்ணையும் ஒரு சாண் தூரத்துல பாக்கறேன். எதையாவது தூரமாப் பாக்கணும்னு இருக்கு. அவ்வளவுதான்."

அக்கா தன் காலைப் பார்த்தார். அது புல்லின் மேல் சும்மா கிடந்தது. எதையும் மிதிக்கவில்லை. "எனக்கு யாரு வண்டியையும் நிறுத்தாம இருக்கணும் போல இருக்கு" என்றார்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் இருவரும் கைகோத்துக்கொண்டு ஊர் சுற்றினார்கள் என்று ஆகிவிடும். அப்படித்தான் அவர்களும் நினைத்தார்கள். அடுத்த ஞாயிறு சேர்ந்தே கிளம்பினார்கள். அது பெரிய கூத்தாகிவிட்டது. பைக் சைக்கிள் வேகத்துக்குப் போக முடியாமல் திணறியது. சைக்கிள் பைக் வேகத்துக்கு வர முடியாமல் வியர்த்தது. அவர் ஒவ்வொரு தட்டானுக்கும் நின்றார். அக்கா ஒவ்வொரு திருப்பத்திலும் "கை, கை!" என்று கத்தினார். கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"இப்படி" என்றார் அக்கா.

"அது ரொம்ப வெயிலு. அப்படிப் போலாம்" என்றார் அவர்.

"அது எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உனக்கு இது தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் போகணும்!"

இருவருக்கும் ஒரே காரணம். ஆனால் வழி வேறு. யாரும் இறங்கி வரவில்லை. அக்கா இண்டிகேட்டர் போட்டு ஒரு பக்கம் போனார். அவர் வேண்டுமென்றே கையைக் காட்டாமல் மறுபக்கம் போனார். தனியாகப் போன கொஞ்ச நேரத்திலேயே அக்காவுக்குக் கோபம் தணிந்து பழைய பாட்டு வாயில் வந்துவிட்டது. மதியம் அவர் வந்து சேர்ந்தபோது முகம் கறுத்துச் சிவந்திருந்தது, ஆனால் மலர்ச்சியாக இருந்தது.

"என்ன இருந்துச்சு அங்க?" என்று அக்கா தட்டை வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு வீடு. கூரையெல்லாம் பூனை. ஆளே இல்ல. உன் பக்கம்?"

'உன் பக்கம்' என்ற அந்த வார்த்தையிலேயே ஏற்பாடு முடிவாகிவிட்டது. அது முதல் ஞாயிறு காலை இருவரும் வாசலில் ஆளுக்கொரு திசையாகப் பிரிவார்கள். எங்கே என்று போகும்போது கேட்பதில்லை. வந்த பிறகு சாப்பாட்டு மேஜையில் முழுக்கக் கேட்டுவிடுவார்கள். கடைக்குப் பின்னாலிருந்து சைக்கிள் வீட்டு வாசலுக்கு வந்தது. துணி கிளிப் அவருக்கே என்று ஆனது. பூனை வீட்டைச் சோதித்துப் பார்க்க அக்கா ஒருமுறை போனார். பூனைகள் இருந்தன; கூரையெல்லாம் என்பது கொஞ்சம் அதிகம்.

பாலத்தை யாரோ ஒருநாள் கட்டிவிட்டார்கள். உண்மையான ரோடு ஆபீஸ்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் வந்ததை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மேடம் வந்து பார்த்துட்டுப் போனதாலதான்" என்று வாளியம்மாள் ஊரெல்லாம் சொன்னார். அக்கா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தபோது டீயும் பிஸ்கட்டும் வந்தன. நான் இல்லை என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். "உங்க ஜூனியர் சார் எல்லாம் சொல்லிட்டாரு மேடம்" என்றார் மாப்பிள்ளை. ஜூனியர் சார் முந்தின வாரம் வந்து டீ குடித்து, நாலு பேருக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, எங்க மேடம் ரொம்பக் கண்டிப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மகள் விடுமுறைக்கு வந்தபோது பைக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் வெளிறினாள்.

"ம்மா! என்ன இது, மீட்டர் இவ்வளவு ஓடியிருக்கு?"

"நீதானே பேட்டரி இறங்கக் கூடாதுன்னே."

"டயரே தேஞ்சிருக்கு!"

"அதுக்கு உங்க அப்பாவைக் கேளு" என்றார் அக்கா. அப்பாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் தலையைச் சாய்த்து, பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

வேலையில் அக்கா பெரிதாக மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. இன்னும் பிரேக்கை மிதிக்கிறார். ஆனால் நன்றாக ஓட்டப் பழகியவர்களை, பரீட்சைக்கு முந்தின நாள், மருந்துக்கடை முனையில் நேரே விடச் சொல்கிறார். பள்ளி முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "டெஸ்ட்ல வராததை எதுக்குங்க சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டார். "டெஸ்ட் முடிஞ்சப்புறம் எல்லாருக்கும் அதுதானே சார் வரப்போகுது?" என்றார் அக்கா. முதலாளி பதிவேட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்.

சமீபத்தில் ஒரு ஞாயிறு அக்கா வழக்கத்தைவிட ரொம்பத் தாமதமாக வந்தார். கோட்டெல்லாம் மஞ்சள் தூள் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. கையில் ஒரு காட்டுப்பூக் கொத்து. எங்கே கிடைத்தது என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒரு மேட்டுக்குப் பின்னால் முழுக்க முழுக்க இந்தப் பூதான் என்றார் அக்கா. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் வேறொன்றுமில்லை, அடிவானம் வரைக்கும் மஞ்சள்.

"எந்த மேடு?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"ஏம்மா, இது அநியாயம். வந்தப்புறம் சொல்லணும்னுதானே பேச்சு?"

"பார்த்ததைச் சொல்லணும்னுதான் பேச்சு. வழி சொல்லணும்னு இல்ல. தேடிப் பாருங்க."

அவர் தேடிக்கொண்டிருக்கிறார். போன ஞாயிறும் வந்து செருப்பைத் தட்டியபோது அதில் மஞ்சள் இல்லை, செம்மண்தான் இருந்தது. அக்கா அதை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார்.